அப்பா தேர்ந்தெடுத்த பின்சீட்டு

அத்தியாயம் 11

"விக்கி, அக்கா பேசறேன். நான் பேசப் பேச இதுவே எழுதிக்கும். நீ படிச்சா போதும்."

பள்ளிக்கரணை சிக்னலில் பேருந்து நின்றிருந்தது. அன்புச்செல்வி போனை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ரகசியம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் அம்மாவின் பூக்கூடை. கூடைக்குள் ஒரு பூ கிடையாது. வெறும் கூடைக்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்ட நடத்துனரோடு அம்மா பாஞ்சாலி போட்ட சண்டை இப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"இன்னைக்கு வண்டி பாக்க சைதாப்பேட்டைக்குப் போய்க்கினு கீறோம். நைனா டூட்டி முடிச்சு நேரா அங்க வந்துரும். நான் ஸ்கூட்டர்ல வுழுந்ததுல இருந்து அம்மா அதுமேல பழைய பொடவயப் போட்டு மூடி வச்சுகீது. யூனிட்ல இன்சார்ஜா என்னைய கேக்கறாங்கன்னு போன வாரமே உனக்குச் சொன்னேன், நீ கட்டை விரல் மட்டும் போட்ட. காத்தால வந்து கதவத் தொறக்கற ஆளு நானா இருக்கணும். அந்த நேரத்துல நம்ம பெரும்பாக்கம் பஸ்ஸ நம்பி ஒத்துக்க முடியாது. வர்றேனா இல்லியான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். வண்டி அமைஞ்சாதான் வர்றேன்னு சொல்ல முடியும். லோன்ல எம் பேரோட உம் பேரும் வரணும், மறந்துராத. ஏன் போனே எடுக்க மாட்டேங்கற? சாப்ட்டியா?"

போன் அத்தனையையும் ஒரே வாக்கியமாக, மூச்சு விடாமல் எழுதித் தள்ளியது. அவள் திருத்தாமல் அனுப்பினாள்.

"யார்கிட்டடி பேசற? ஆள்கிட்டயா, போன்கிட்டயா?" என்றாள் பாஞ்சாலி.

"தம்பிகிட்ட."

"அப்போ போன்கிட்டதான்."

அன்புச்செல்வி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. விக்கி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்தே நாளாகிறது. அதையும் சேர்த்து நினைத்துக் கவலைப்பட இன்றைக்கு அவளுக்கு மனசில் இடம் இல்லை.

மயிலாப்பூரில் அவள் வேலை பார்க்கும் டயாலிசிஸ் பிரிவில் முதல் ஷிப்டு நோயாளிகள் விடியும் முன்பே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார்கள். கதவைத் திறக்கிறவள் முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு மெஷினையும் கழுவிச் சோதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஊசி. அவள் தாமதமாகப் போனால் காத்திருப்பவர்கள் படியில் இருக்க, அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் வெயிலில் நிற்க, அந்த நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே போகும்.

இன்சார்ஜ் பொறுப்பு வந்தால் அந்தச் சாவி அவளிடம் இருக்கும். கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்தபோது நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் இருந்த வேலை, அரசாங்கம் அவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றிய பிறகு இன்னொரு ஊரில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. எத்தனையோ பெண்கள் தூரத்துக்குப் பயந்தே வேலையை விட்டுவிட்டார்கள். அவர்கள் குடியிருக்கும் எச் பிளாக்கில் பகலில் நடந்தாலே தெரியும். அவர்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவள் அந்த வரிசையில் உட்காரப் போவதில்லை. ஆனால் மழை வந்தால்? வேளச்சேரியில் தண்ணீர் நின்றால்? நடுவழியில் டயர் போனால்? மனசு ஒன்றை முடித்ததும் அடுத்ததை எடுத்துக்கொண்டது. இதற்குத்தான் கூட வேலை பார்க்கும் தோழி தஹ்சீன் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி மெஷின்' என்று பெயர் வைத்திருந்தாள். ரத்தக் குழாயில் சின்னக் காற்றுக் குமிழி வந்தாலும் கத்துகிற டயாலிசிஸ் மெஷின் மாதிரி.

* * *

பழைய கார் விற்கும் அந்தக் களம் சைதாப்பேட்டையில், மவுண்ட் ரோடுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் வேப்பமரம். அதன் அடியில் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டு நின்றார் அப்பா தணிகாசலம். தேய்த்த வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை.

"இன்னாய்யா, வெளிய நின்னுக்கினு கீற?" என்றாள் பாஞ்சாலி.

"நீங்க வரட்டும்னுதான்."

"இன்னைக்கு நீ பார்ட்டி. உள்ள வந்து குந்து."

தணிகாசலம் உள்ளே வந்தார். சோபாவில் உட்காரவில்லை. அவர் ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் வைத்திருந்து, நிரந்தரமாக டிரைவர் வைத்துக்கொள்ளாதவர்கள் தேவைப்படுகிற நாளில் கூப்பிடுவார்கள். அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று எந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன வண்டி என்பது அவருக்கு மனப்பாடம். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறார். அதில் ஒன்றுகூடச் சொந்த வண்டி இல்லை.

விற்பனைப் பெண் மஹதி தண்ணீர் பாட்டில்களோடு வந்தாள். சின்னப் பெண். முந்தின வாரம் போனில் பேசி எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாள்.

"தினமும் பெரும்பாக்கம் டு மயிலாப்பூர், சிட்டி டிராஃபிக். மைலேஜ் முக்கியம், பட்ஜெட் முக்கியம். கரெக்டா மேடம்? சின்ன வண்டியும் காட்டவா? பின்னாடி டிக்கி நீட்டாத மாடல், இன்னும் சீப்பா முடியும்."

"டிக்கி இல்லாத வண்டி சட்டை போடாத ஆளு மாதிரிம்மா" என்றார் தணிகாசலம்.

"அது கெடக்கட்டும்" என்றாள் பாஞ்சாலி. "எம் பூவு ஈரம். சாயங்காலம் மயிலாப்பூர் குளத்தாண்ட உதிரிப் பூ வாங்கிக்கினு போய், வூட்ல கட்டி, காத்தால கொண்டாருவேன். பஸ்ல கூடைய வச்சா ஒவ்வொருத்தியும் பொடவய இழுத்துக்கினு மூஞ்சிய சுளிப்பா. ஆளு குந்தற எடத்துல அத்த வைக்க முடியாது. தனியா மூடற டிக்கி வேணும். இவளோட நானும் வருவேன்."

மஹதி மூன்று வண்டிகளை எடுத்து வைத்திருந்தாள். முதலாவது கேஸில் ஓடுவது. "செலவு பாதி ஆன்ட்டி, மைலேஜை அடிச்சுக்கவே முடியாது" என்று சொல்லிக்கொண்டே டிக்கியைத் திறந்தாள். உள்ளே சிலிண்டர் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தது. பாஞ்சாலி கூடையை நேராக வைத்துப் பார்த்தாள், சாய்த்து வைத்துப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"சிலிண்டரு தூங்கறதுக்கு நான் டிக்கி வாங்கணுமா?"

முதல் வண்டியின் கதை அங்கே முடிந்தது.

மற்ற இரண்டும் பெட்ரோல். ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல். இரண்டும் மூன்று வருஷம் ஓடினவை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடை இரண்டிலும் போனது. சாம்பல் வண்டி கொஞ்சம் சின்னது, எடை குறைவு. நகரத்துக்குள் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் என்றாள் மஹதி.

தணிகாசலம் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. வெள்ளை வண்டியின் பின்கதவைத் திறந்தார். குனிந்து, சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். முன்சீட்டின் முதுகிலிருந்து பின்சீட்டு வரைக்கும் சாணால் அளந்தார். நடுவில் இருந்த கைதாங்கியை இறக்கினார், ஏற்றினார். பின்னால் காற்று வரும் துவாரத்தில் விரலை வைத்தார்.

பிறகு சாம்பல் வண்டியிலும் அதே மாதிரி அளந்தார். அங்கே சாண் முழுதாக விரியவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

"டெஸ்ட் டிரைவ் யார் போறீங்க?" என்று மஹதி கேட்டு முடிப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துவிட்டார். ஓரம் மழுங்கி, படம் வெளுத்துப்போன லைசென்ஸ்.

அன்புச்செல்வியின் கை பையின் ஜிப்பில் நின்றது. உள்ளே அவளுடையது இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் மேடவாக்கத்தில் பயிற்சிப் பள்ளிக்குப் போய், கார் ஓட்டிக் காட்டி வாங்கியது. 'எடு' என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். மஹதி பின்கதவைத் திறந்து பிடித்தாள். அம்மா ஏறினாள். அவளும் ஏறிவிட்டாள்.

* * *

சின்னமலை தாண்டி சர்தார் படேல் சாலையில் வெள்ளை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தணிகாசலம் ஓட்டினால் அப்படித்தான். கியர் மாறுவது தெரியாது, பிரேக் போடுவது தெரியாது. மடியில் நிறைந்த டம்ளரை வைத்துக்கொண்டு வரலாம்.

கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன.

"ஏசி போதுங்களா? கால் நீட்ட முடியுதுங்களா?"

பாஞ்சாலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"யோவ், யாருக்குய்யா 'ங்களா' போடற? நான் பாஞ்சாலிய்யா!"

முன்னால் உட்கார்ந்திருந்த மஹதியும் சிரித்துவிட்டாள். தணிகாசலமும் சிரித்தார். "பழக்கம்" என்றார். ஆனால் அடுத்த சிக்னலில் திரும்பவும் கண்ணாடியைப் பார்த்து, "சீட்டு முதுகுக்குச் சரியா கீதா கண்ணு?" என்றார்.

"நல்லா கீது நைனா" என்றாள் அன்புச்செல்வி. உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. கால் நீட்டினால் முன்சீட்டைத் தொடவில்லை. காற்று நேராக முகத்தில் பட்டது. யாரோ ஒருவரின் வண்டியில் ஏறி, யாரோ ஒருவராக ஆகிவிட்டதுபோல் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்கு நடுவிலேதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த வண்டியை அப்பா எந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பது புரிந்துவிட்டது. ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது. வண்டியை மட்டும் அவர் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷமாக அவர் ஓட்டின வண்டிகளில் நல்ல வண்டி என்றால் பின்னால் இருப்பவர் திட்டாமல் வந்த வண்டி. ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்குமா, முட்டி இடிக்குமா என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கோட்டூர்புரம் பாலத்தின்மேல் ஏறியபோது பாஞ்சாலி பழைய வீடு இருந்த கரையைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

* * *

"இதான்" என்றார் தணிகாசலம், களத்துக்குத் திரும்பி இறங்கியதுமே. "வெள்ளை வண்டி. பேச்சே இல்ல."

"சாம்பல் வண்டியையும் ஒரு ரவுண்டு பார்த்துடலாமே சார்? மைலேஜ்…"

"லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கம்மியா குடுத்தா குடுத்துட்டுப் போவட்டும்மா. அதுல பின்னாடி குந்தினா முட்டி தட்டும்."

தினமும் போக, தினமும் வர. அந்த நாலு கிலோமீட்டர் மாசக் கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று அன்புச்செல்வி மனசில் ஓடவிட்டுப் பார்த்தாள். வாயைத் திறக்கும் நேரத்தில் போன் அடித்தது. தஹ்சீன்.

"செல்வி, சீஃப் கேக்கறாங்கப்பா. நாலு மணிக்கு டூட்டி ரோஸ்டர் போட்டுருவாங்களாம். உன் பேர போடச் சொல்லவா, வேணாமா? நீ வேணாம்னா என் தலையில கட்டிருவாங்க. எனக்குக் காத்தால எழுந்துக்கவே ஆகாதுடி, உனக்குப் புண்ணியமா போவும்."

"கொஞ்ச நேரத்துல சொல்றேன்."

"அந்தக் கொஞ்ச நேரத்துல பயந்து பயந்து என்னைய மாட்டி வுட்டுறாத."

அவள் வைத்ததும் தணிகாசலம் கேட்டார். "ஆஸ்பத்திரிலயா? வர்றேன்னு சொல்லிட வேண்டியதுதான? நான் கீறேன்ல. தினம் காத்தால நானே கொண்டாந்து வுட்டுர்றேன்."

"உனக்கு ஏர்போர்ட் டிரிப்பு?"

"அத்த வேற எவனாச்சும் பாத்துப்பான்."

விடியற்காலை ஏர்போர்ட் டிரிப்தான் அவருடைய பிழைப்பில் பாதி. அதைக் கையால் தள்ளிவிட்டதுபோல் சொன்னார்.

"அப்போ நான் எதுக்கு நைனா லைசென்ஸ் எடுத்தேன்?"

"அது ஒரு ஆத்திர அவசரத்துக்கு, கண்ணு. தினமும் நீ ஏன் இந்த டிராஃபிக்ல செருப்பா தேயணும்? ஸ்கூட்டர்ல வுழுந்தது போதாதா?"

"வண்டி ஓட்டப் போறது நான்னுதான் நம்ம வூட்டு குரூப்ல அனுப்பினேன். நீகூட கட்டை விரல் போட்ட."

"அவ்ளோ நீளமா அனுப்பினா எவன் படிக்கறது? பேசினத அப்டியே அனுப்பிருந்தா காதுல கேட்டிருப்பேன்."

பாஞ்சாலி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் தணிகாசலம் வெள்ளை வண்டியின் பின்கதவுமேல் கையை வைத்தார். துடைப்பதுபோல் ஒரு தடவை தடவினார்.

"எத்தினி பேருக்குக் கதவத் தொறந்து வுட்டுக்கீறேன். சின்னச் சின்னப் பசங்க, எம் பொண்ணு வயசு, போன்ல பேசிக்கினே வந்து ஏறும். என்னைய பாக்காது. நான் ஒண்ணும் தப்பா நெனச்சதில்ல. நம்ம வண்டின்னு ஒண்ணு வந்தா, இந்தப் பக்கம் கதவத் தொறந்து…"

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. மஹதி எதற்கோ ஆபீசுக்குள் போய்விட்டாள்.

அன்புச்செல்வி கதவின்மேல் இருந்த அவர் கையைப் பார்த்தாள். வண்டியைப் பற்றி அவர் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் திருத்திவிடலாம். இது கணக்கே இல்லையே! மகளை எங்கே உட்கார வைத்தால் தான் ஜெயித்ததாக ஆகும் என்று அவர் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறார். அந்த இடத்தை வேண்டாம் என்று எந்த வார்த்தையில் சொல்வது? சொல்லாமல் விட்டால், நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் என்றால் படியில் காத்திருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பாஞ்சாலிதான் சொன்னாள்.

"அந்தக் கதவ இவ கல்யாணத்தன்னிக்குத் தொறய்யா. நான் ஆரத்தி எடுக்கறேன். இப்ப ஓட்டப் போறவள ஒரு தடவ ஓட்ட வுடு."

* * *

வெள்ளை வண்டியின் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்ததும் அன்புச்செல்விக்கு வேப்பமரத்தின் உச்சி தெரிந்தது. அதற்குமேல் வானம். தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சீட்டைக் கடைசிவரைக்கும் முன்னால் தள்ளினாள். அப்போதும் கிளட்சை விரல் நுனியால்தான் அமுக்க முடிந்தது.

"சீட்டை ஏத்த முடியாதா?"

"இந்த மாடல்ல அது கிடையாது மேடம்" என்றாள் மஹதி.

தணிகாசலம் ஜன்னல் பக்கம் வந்தார். "ஒரு தலகாணி போட்டுக்கினா சரியாப்பூடும்."

"வேலைக்குப் போறாளா, தூங்கப் போறாளா?" என்றது பின்னாலிருந்து பாஞ்சாலியின் குரல்.

வாசல் வரைக்கும் வண்டி வந்தது. தெருவில் ஏறும் மேட்டில் கால் நுனி நழுவியது. ஒரு குலுக்கு. நின்றுவிட்டது. குறுக்கே ஒரு தண்ணீர் லாரி. அதன் ஹாரன் அவள் முதுகெலும்பு வழியாக இறங்கியது. இரண்டாம் தடவையும் நின்றது. மூன்றாம் தடவை அவள் முயலவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள்.

அப்பா முகத்தைப் பார்க்காமல் மஹதியிடம் சொன்னாள். "இது எனக்கு ஆவாது. அந்த வண்டி சாவி குடுங்க."

சாம்பல் வண்டியில் சீட்டின் ஓரத்தில் ஒரு லீவர் இருந்தது. மஹதி காட்டியபடி அன்புச்செல்வி அதை இழுத்து இழுத்து விட்டாள். ஒவ்வொரு இழுப்புக்கும் உடம்பு கொஞ்சம் மேலே வந்தது. யூனிட்டில் ஊசி போடுவதற்கு முன்னால் அவள் செய்கிற முதல் வேலை இதுதான். நோயாளிக்குத் தகுந்த மாதிரி கட்டிலை ஏற்றுவாள், இறக்குவாள். கட்டிலுக்குத் தகுந்த மாதிரி ஆளைப் படுக்க வைப்பது கிடையாது. முதலில் பானெட் தெரிந்தது. பிறகு தரை தெரிந்தது. பிறகு வாசலில் படுத்திருந்த நாய்கூடத் தெரிந்தது. கிளட்சில் முழுப் பாதமும் உட்கார்ந்தது.

தணிகாசலம் முன்கதவைத் திறந்தார்.

"சாரி அங்கிள், முன்னாடி எங்க ஸ்டாஃப்தான் உக்காரணும். நீங்க பின்னாடி."

அவர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். திறந்து வைத்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்த வேலை. அதற்கு அடுத்தது தெரியவில்லை. எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசிப்பதுபோல் இருந்தது. ஏறும்போது தலை இடித்தது. உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் முன்சீட்டில் முட்டிக்கொண்டு நின்றன.

"ஏறிட்டியா நைனா?"

"ம்."

மேட்டில் வண்டி நிற்காமல் ஏறியது. சின்னமலைத் திருப்பத்தில் பின்னாலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். தணிகாசலத்தின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்திருந்தது.

"பஸ்ஸு! பஸ்ஸு வருது பாரு! எடது பக்கம் வாங்காத! இண்டிகேட்டர் போடு!"

"வாய மூடுய்யா" என்றாள் பாஞ்சாலி. "உன்னைய எந்த ஓனராச்சும் இப்டிக் கத்திக்கினு வந்துக்கீறானா?"

"வந்துக்கீறானா இன்னா? முப்பது வருஷமா கத்திக்கினுதான் வரானுங்க. 'சீக்கிரம் போ, சீக்கிரம் போ'ன்னு."

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

அன்புச்செல்வி கியரை மாற்றினாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். கையில் பிடி இறுகியே இருந்தது. ஆட்டோ ஒன்று மூக்கை நுழைத்தது. விட்டுக்கொடுத்தாள். மனசுக்குள் இருந்த மெஷின் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கத்துகிற மெஷினைக் கவனித்து, ஒன்றுமில்லை என்று பார்த்து, அமர்த்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதானே அவள் தினமும் செய்வது. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டியும் போய்க்கொண்டிருந்தது.

கோட்டூர்புரம் பாலத்தின்மேல் வாகனங்கள் நெருக்கி நின்றன. வண்டி ஊர்ந்தது.

"ஏ பாஞ்சாலி" என்றார் தணிகாசலம், ஜன்னல் பக்கம் குனிந்து. "இதுல இவ்ளோ தண்ணி ஓடுதா?"

"இத்தினி வருஷம் கரையிலயே குடியிருந்தியே!"

"இருந்தேன். பாலத்து மேல இருந்து நான் எங்க பாத்தேன்? ரோட்டப் பாத்துக்கினு போயிருப்பேன்."

பாஞ்சாலியும் இந்தத் தடவை அந்தப் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அன்புச்செல்வி கண்ணாடியில் அவரைத் தேடினாள். முட்டியை ஒரு பக்கமாகத் திருப்பி, தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார்.

"நைனா, கால் நீட்ட முடியுதா?"

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியில் கண்ணும் கண்ணும் பட்டன. அவள் எதிர்பார்த்தது 'முடியுது' என்ற பொய்யை.

"முடியல" என்றார்.

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்கள். அவள் தடுமாறிக் கியரைத் தேடினாள்.

"பொறுமையா போ கண்ணு" என்றார் தணிகாசலம். "நமக்கு இன்னா அவசரம்?"

* * *

களத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் அன்புச்செல்வி இறங்கவில்லை. உயர்ந்த சீட்டிலிருந்து எல்லாம் தெரிந்தது. அம்மா டிக்கியைத் திறந்து கூடையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். அப்பா மஹதியிடம் விலையில் ஏதாவது குறையுமா என்று கேட்டுக்கொண்டே, சாம்பல் வண்டியின் கூரைமேல் விழுந்திருந்த வேப்பம்பூக்களைக் கையால் தள்ளிவிட்டார். ஓனர் வண்டியில் அப்படித்தான் செய்வார். ஆனால் அப்போது துணியால் தள்ளுவார்.

மஹதி ஜன்னல் பக்கம் குனிந்தாள். "சார் இதையே பேசச் சொல்லிட்டாங்க மேடம். இன்னைக்கு டோக்கன் அட்வான்ஸ் போட்டுடலாம். லோனுக்கு உங்க தம்பி பேரும் வரணும்னு சொன்னீங்களே, அவர் ஐடியை வாட்ஸ்அப்ல வாங்கிட்டா போதும். மூணு மாச சம்பள ஸ்லிப்பும்."

"கேட்டு வாங்கித் தரேன்."

மஹதி போனதும் போன் அதிர்ந்தது. விக்கி. காலையில் அனுப்பியதற்கு இப்போதுதான் பதில்.

'அக்கா எம் பேர போடாத. நான் வேலைல இல்ல. கம்பெனில எங்க லைன் மொத்தத்தையும் நிறுத்திட்டாங்க. நான் இப்ப ஒரகடத்துலயும் இல்ல. நைனாவுக்குத் தெரிய வேணாம். நானே பேசறேன்.'

அவள் மறுபடி படித்தாள். ஒரகடத்தில் இல்லை என்றால் எங்கே இருக்கிறான்? சாப்பிட்டானா என்று கேட்டிருந்தாள். அதற்கு மட்டும் பதில் இல்லை.

நேரம் நாலாகப் போகிறது. வண்டி அமைந்தால்தான் சரி சொல்ல முடியும் என்று அவளே காலையில் சொன்னாள். வண்டி அமைந்தது. அமைந்த நிமிஷத்திலேயே காலுக்குக் கீழே ஒரு பலகை போய்விட்டது. இப்போது இல்லை என்று சொல்லிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தஹ்சீன் இரண்டு நாள் திட்டுவாள், அவ்வளவுதான். எச் பிளாக் வாசலில் எப்போதும் இடம் இருக்கும்.

அவள் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"தஹ்சீன், எம் பேர போடச் சொல்லு."

"அடிப்பாவி! வண்டி வாங்கிட்டியா?"

"ஓட்டிட்டேன்."

"அது ரெண்டும் ஒண்ணாடி?"

"தெரியல. நீ போடச் சொல்லு."

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தணிகாசலம் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முகத்தில் இவ்வளவு லேசான சிரிப்பைப் பார்த்து அவளுக்கு நாளாகியிருந்தது.

"போன்ல விக்கியா? பதில் போட்டானா? இன்னா சொல்றான்?"

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்ட்டானாம் நைனா."

"நல்லா சாப்டச் சொல்லு. ஃபேக்டரி வேல, ஒடம்பு தாங்கணும்ல" என்று சொல்லிவிட்டு, அவர் டோக்கன் போட ஆபீசுக்குள் போனார்.